அக்கினி வெயிலில் மார்கழிக் குறிப்பு

எனக்குக் கோபம் வரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் என் அச்சாபீசுக்கு வழி கேட்டால், "அந்தக் கத்துற அண்ணாச்சி பிரஸ்ஸா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். அதனால் வேறு யாராவது சொல்லித் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அச்சாபீஸ் இருப்பது திருத்தங்கலில். இரண்டு ஆஃப்செட் மிஷின், ஒரு கட்டிங் மிஷின், காகிதம் அடுக்க ஒரு கோடவுன், பின்பக்கம் பைண்டிங் கூடம். பட்டாசுப் பெட்டிக்கு மேல் ஒட்டுகிற படம், பள்ளிக்கூட நோட்டு, கல்யாணப் பத்திரிகை என்று வருஷம் முழுக்க ஏதாவது ஓடும். ஆனால் சோறு போடுவது தினசரி காலண்டர்தான். நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கிறோமே, அது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டரின் மாதிரிகளைப் பூஜை போட்டு வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அன்றைக்கு வியாபாரிகள் வந்து மாதிரியைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் மார்கழி வரைக்கும் மிஷின் நிற்காது. கொடுக்காவிட்டால் நான் கோடவுனில் உட்கார்ந்து காகிதத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தாளை அச்சடிப்பது மிஷின். அதை நாள் வரிசையில் அடுக்கி, அட்டையில் வைத்து, தகரப் பட்டை போட்டு இறுக்கிக் காலண்டர் ஆக்குவது பைண்டிங் கூடத்துப் பெண்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தலைவி ஒருவர் உண்டு. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக்காரர், பத்து வருஷம் பட்டாசுக் கம்பெனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். நான் உட்பட எல்லோருக்கும் அவர் அக்கா. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளைத் தள்ளியே எத்தனை இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பங்குனியில் ஒரு நாள், மத்தியானம் ஒரு மணிக்கு, பள்ளிக்கூட நோட்டு ஒன்றுக்கு அட்டை தலைகீழாக ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். காலையிலிருந்து நாலு டீயும் கொஞ்சம் காராச்சேவும் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. கையிலிருந்த நோட்டுக் கட்டைச் சுவரைப் பார்த்து வீசினேன். சுவரைப் பார்த்துத்தான் வீசினேன், ஆனால் அது போய் விழுந்தது அக்கா அப்போதுதான் திறந்து வைத்திருந்த தூக்குவாளி மேல். சோறும் புளிக்குழம்பும் தரையெல்லாம் ஓடின.

அக்கா தரையைத் துடைத்தார். வேலைக்கு உட்கார்ந்துவிட்டார். யாரோ நீட்டிய தயிர்சாதத்தையும் வாங்கவில்லை. அன்று சாயங்காலம் அச்சுக்குப் போகும் முன் ஒப்புதலுக்கு வந்த மாதிரித் தாளை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது, அட்டையைத் தலைகீழாக வைத்து ஓகே போட்டுக் கையெழுத்துப் போட்டவனே நான்தான் என்று. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நான் வெடி ஆபீசுல பத்து வருசம் இருந்தவ. அங்கன மருந்துக்குப் பயந்து பயந்து இருந்தோம். அது நியாயம். இங்கன வெறுங் காகிதம். இங்கயும் வந்து பயந்துக்கிட்டு இருக்க எங்களால ஆகாது. ஆடி பதினெட்டு வரைக்கும் பாக்கோம். அதுக்குள்ள இன்னொரு வாட்டி கத்துனீகன்னாலும் எறிஞ்சீகன்னாலும் பன்னெண்டு பேரும் பக்கத்துத் தெரு கம்பெனிக்குப் போயிருவோம்."

மிரட்டல் மாதிரியே இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னால் செய்வார் என்பது எனக்குத் தெரியும். பன்னிரண்டு பேர் போய்விட்டால் அந்த வருஷம் எனக்குக் காலண்டரே இல்லை. அது ஒரு பக்கம். அந்தத் தூக்குவாளி கவிழ்ந்த சத்தம் ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதும் காதில் இருந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தாலும் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும் என்பதால் வீட்டில் ரசத்தில் உப்பு இல்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது.

என் மனைவி மறுநாளே என்னை விருதுநகருக்குக் கிளப்பிக்கொண்டு போனாள். சூலக்கரைக்குப் போகிற வழியில் ஒரு ஆயுர்வேத டாக்டர் இருக்கிறார் என்று அவள் அக்காள் மகள் சொல்லியிருந்தாளாம். நானோ தாடியும் குடுமியுமாக ஒரு பெரியவரை எதிர்பார்த்துப் போனேன். முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார். என்னென்ன சாப்பிடுவேன், எப்போது தூங்குவேன், வெயிலில் எவ்வளவு நேரம் அலைவேன் என்று கேட்டார். முக்கால்வாசிக் கேள்விக்கு என் மனைவிதான் பதில் சொன்னாள், அதுவும் நான் சொல்லியிருக்கக்கூடிய பதிலுக்கு நேர் எதிராக.

வாதம், பித்தம், கபம் மூன்றும் எல்லோர் உடம்பிலும் இருக்கும், எனக்கு அதில் பித்தம் வரம்பு மீறி நிற்கிறது என்றார் டாக்டர். மருந்து கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பழக்கத்தில் இருக்கிறது, பருவத்துக்குத் தகுந்த மாதிரி நடந்துகொண்டால் தானாக அடங்கும் என்றார். வெளியே வரும்போது என் மனைவி, "இதுக்குப் பேரு பித்தமாம். நான் இம்புட்டு வருசமா திமிருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

நான் கொஞ்சம் உற்சாகமாகிவிட்டேன். என் கோபத்துக்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? அந்த வருஷக் காலண்டரின் தாளுக்குப் பின்பக்கம் என்ன போடுவது என்று யோசனையில் வேறு இருந்தேன். முந்தைய வருஷங்களில் சமையல் குறிப்பு, பொன்மொழி எல்லாம் போட்டுச் சலித்திருந்தது. டாக்டரிடம் கேட்டேன். அவரும் மகிழ்ச்சியாகச் சம்மதித்து, ஒரு வருஷத்துக்கும் நாளுக்கு ஒன்றாகப் பருவத்துக்கேற்ற உடல்நலக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் முழுவதும் வந்துவிட்டது. "நீங்களும் இதைக் கடைப்பிடிங்க சார், பிரிண்ட் மட்டும் பண்ணிட்டு விட்டுறாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

கடைப்பிடித்தேன். எப்படிக் கடைப்பிடித்தேன் என்பதில்தான் கதையே இருக்கிறது.

காலண்டர் தொழிலில் இருப்பவனுக்கு நடப்பு வருஷம் என்று ஒன்று கிடையாது. ஊர் உலகம் சித்திரையில் இருக்கும்போது நான் அடுத்த தைப்பொங்கலுக்கு நல்ல நேரம் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். இந்தத் தீபாவளி என்றைக்கு என்று கேட்டால் யோசிக்க வேண்டும், அடுத்த தீபாவளியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு தடவை கல்யாண வீட்டில் மொய்க் கவர் மேல் அடுத்த வருஷத் தேதியைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன், புரூப் பார்க்க வந்த முதல் தாளை எடுத்து மேஜையில் ஒட்டிவைத்து, அன்றைக்கு அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்ய ஆரம்பித்தேன். மறுநாள் இரண்டாவது தாள். முதலிலிருந்து தொடங்குவதுதானே முறை?

முதல் தாள் ஜனவரி ஒன்று. அதாவது மார்கழி. நான் தொடங்கியது சித்திரை நடுவில்.

"குளிர் காலத்தில் பசி நன்றாக எடுக்கும். எள், உளுந்து, நெய் தாராளமாகச் சேர்க்கலாம்." சேர்த்தேன். காலையில் எள்ளுருண்டை, மத்தியானம் உளுந்தங்களி. "சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு வெந்நீர் அருந்துக." பிளாஸ்க் நிறைய ஆபீசுக்குக் கொண்டு போனேன். "கம்பளியோ கெட்டித் துணியோ போர்த்தி உறங்குக." இதற்கு மட்டும் என் மனைவி ஒப்பவில்லை. போர்வையைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டு, எந்த டாக்டர் இப்படிச் சொல்லுவார் என்று கேட்டாள். டாக்டரே எழுதிக் கொடுத்ததை நீ கேட்பாயா என்று நான் பதிலுக்குக் கேட்டேன். தாளைக் காட்டியிருந்தால் அவள் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள். தாள் ஆபீஸ் மேஜையில் இருந்தது.

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மழை வராது, காகிதம் நமுத்துப் போகாது, வெடிமருந்து சீக்கிரம் காயும் என்பதற்காகவே தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் இங்கே வந்து குடியேறின. அந்த வெயிலில் எள்ளும் மிளகுமாகத் தின்றுகொண்டு நான் நடமாடினேன். கழுத்தில் இரண்டு, முதுகில் மூன்று, சொல்ல முடியாத இடத்தில் ஒன்று என்று வேனல் கட்டி கிளம்பியது. கண் இரண்டும் சிவந்துவிட்டன. கோபம் குறைந்ததா என்றால், அது பல மடங்கு ஆகியிருந்தது.

ஆனால் கத்தக்கூடாது. எறியக்கூடாது. ஆடி பதினெட்டு வரைக்கும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். தாங்க முடியாமல் வரும்போது எழுந்து கோடவுனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கே அடுக்கியிருக்கும் காகிதக் கட்டுகளைப் பார்த்து மனதார ஏசிவிட்டு வருவேன். காகிதம் எதிர்த்துப் பேசாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் நாலு தடவை. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு புன்னகையோடு உட்கார்ந்துகொள்வேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

பதினேழாம் நாள் தாளில், "காலை இளவெயிலில் கால் மணி நேரம் உடம்பைக் காய விடுக" என்று இருந்தது. பிரஸ் வாசலில் நாற்காலியைப் போட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். மணி எட்டே முக்கால். பெண்களை ஏற்றி வரும் வண்டி வந்து நின்றது. பன்னிரண்டு பேரும் இறங்கி, வரிசையாக, தலையைக் குனிந்துகொண்டு என்னைக் கடந்து உள்ளே போனார்கள். பதினொரு பேர் போய்விட்டார்கள். அக்கா போகவில்லை. பங்குனிக்குப் பிறகு வேலை விஷயம் தவிர அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று நின்றார்.

"அண்ணாச்சி, எதுக்கு வெயில்ல காயிறீக? வத்தலுக்கா?"

டாக்டர் சொன்ன வைத்தியம் என்றேன். எந்த டாக்டர் என்றார். எழுந்து உள்ளே போய்த் தாளை எடுத்து வந்து நீட்டினேன். பின்பக்கத்தைப் படித்தார். திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி பின்பக்கம். அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று உடைந்துகொண்டு வருவது தெரிந்தது.

"இது தை மூணாந் தேதித் தாளு அண்ணாச்சி. அடுத்த வருசத் தை."

"ஆமா."

"இப்ப என்ன மாசம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எள், உளுந்து, சுக்கு, மிளகு, போர்வை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். இரண்டு நிமிஷம் கழித்துப் பைண்டிங் கூடத்திலிருந்து பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மிஷின் ஓடுகிற சத்தமே அமுங்கிப் போனது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டி வலிக்க வலிக்க நானும் சிரித்தேன்.

அன்றைக்கே விருதுநகர் போனேன். டாக்டர் என் கட்டிகளைப் பார்த்துப் பதறி, காரணத்தைக் கேட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் பேச்சில் விளையாட்டு இல்லை. கோபம் எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்டார். எப்போதும்தான் வருகிறது என்றேன். அப்படி இருக்காது, பித்தத்துக்கு ஒரு நேரம் உண்டு, சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அந்த நேரத்தில் கடிகாரத்தை யார் பார்ப்பது என்றேன். "உங்களுக்குத் தெரியாது சார். வாங்கிக் கட்டிக்கிறவங்களைக் கேட்டுட்டு வாங்க" என்றார்.

வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களில் ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள். வீட்டில் எப்போது கத்துகிறேன் என்று மனைவியைக் கேட்டேன். "காலையில நீங்க நல்லவரு. ராத்திரியும் நல்லவருதான், சாப்பாடு நேரத்துக்கு வந்தா. பகல்ல நீங்க எப்படின்னு எனக்கென்ன தெரியும், அந்தப் பிள்ளைகளக் கேளுங்க" என்றாள்.

மறுநாள் காலை அக்காவை அழைத்துக் கேட்டேன். அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பதினொன்றரைக்குத் தொடங்கும், ஒன்று ஒன்றரைக்கு உச்சத்தில் நிற்கும், மூன்று மணிக்கு நான் சாப்பிட்டு வந்த பிறகு இறங்கும் என்றார்.

"நாலு மணிக்கு நீங்க தங்கம், அண்ணாச்சி. அதான் எல்லாத்தையும் நாலு மணிக்கு வச்சிருக்கோம்."

எதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, வாங்க என்று கூடத்துக்குக் கூட்டிப்போய் மேஜைக்கு அடியில் காட்டினார். ஒரு சின்னக் கட்டு. அதற்கு நாலு மணிக் கட்டு என்று பெயராம். காலையில் கிழிந்த தாள், மை தீற்றிய தாள், வெட்டுத் தவறியது எல்லாவற்றையும் அதில் வைத்துவிடுவார்கள். நாலு மணி அடித்ததும் என்னிடம் கொண்டு வந்து காட்டுவார்கள். லீவு கேட்பது, முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்பது, மிஷினில் ஏதோ சத்தம் வருகிறது என்பது எல்லாம் நாலு மணிக்குத்தான். புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்குத் தாள் அடுக்கக் கற்றுக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக் கொடுப்பார்களாம்.

நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பேச்சோடு பேச்சாக, முந்தைய வருஷம் ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததையும் சொன்னார். பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக அடிக்கிறது, வந்து கூட்டிப் போங்கள் என்று. அந்தப் பெண் நாலு மணி வரைக்கும் உட்கார்ந்து தகரப் பட்டை இறுக்கிவிட்டு, அப்புறம் வந்து என்னிடம் லீவு கேட்டுவிட்டுப் போனாளாம். எனக்கு அது நினைவிருந்தது. நாலு மணிக்கு வந்து கேட்டாள், உடனே போகச் சொன்னேன், பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று ஆட்டோவுக்குக்கூட ஏற்பாடு செய்தேன். நல்ல மனுஷன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்ட நாள் அது.

சிரிப்பு நின்றுவிட்டது. அறைக்கு வந்து உட்கார்ந்தேன். நான்கு மணி நேரம். என் கோபம் எனக்கு ஏதோ முதலாளிக்கு உரிய நகை மாதிரி இருந்திருக்கிறது இத்தனை நாளும். அதைச் சுமந்தது காய்ச்சலில் கிடந்த அந்தப் பிள்ளை. அன்றைக்கு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டரிடம் போனில் சொன்னேன், பதினொன்றரையிலிருந்து மூன்று மணி என்று. அவர் எதிர்பார்த்ததுதான். பகலில் பித்தம் ஏறுகிற நேரமே பத்திலிருந்து இரண்டு வரை, அந்த நேரத்தில் வயிற்றில் நெருப்பு எரியும், அதற்குச் சோறு போடாமல் டீயும் காராச்சேவும் போட்டால் அது தலைக்குத்தான் ஏறும் என்றார். பன்னிரண்டு மணிக்குச் சோறு. அதுதான் முதல் மருந்து. மற்றதெல்லாம் பிறகு.

மத்தியான இடைவேளை எங்கள் பிரஸ்ஸில் எப்போதும் ஒரு மணிக்குத்தான். அதைப் பன்னிரண்டுக்கு மாற்றினேன், எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும். ஐந்தரைக்கே எழுந்து கண்மாய்க்கரை வரை நடந்தேன். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன், உச்சந்தலை குளிரக் குளிர. படுக்கும் முன் உள்ளங்காலில் விளக்கெண்ணெய். பதினோரு மணி டீக்குப் பதில் கொத்தமல்லி விதை ஊறிய தண்ணீர். காராச்சேவை விட்டதைப் பற்றி மட்டும் பேச வேண்டாம், இன்றைக்கும் துக்கமாக இருக்கிறது. மனைவி பன்னிரண்டு மணிக்குக் கேரியர் அனுப்புவாள். திறந்தால் வெண்பூசணிக் கூட்டு. மறுநாள் திறந்தால் புடலங்காய். அதற்கு மறுநாள் மறுபடி பூசணி. ஆயுதபூஜை அன்று ரோட்டில் உடைப்பதைத் தவிர அந்தக் காய்க்கு வேறு உபயோகம் உண்டு என்பதை ஐம்பது வயதில் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் குறிப்பைச் சரியான மாதத்தில் படித்துத்தான் செய்கிறேனா என்று அக்கா வாரத்துக்கு ஒரு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போவார். கட்டி ஆறியது. கண் சிவப்பு மறைந்தது. ஆனி முடிவதற்குள் கோடவுனுக்குப் போவது வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. ஒரு நாள் அக்கா, "கோடவுன்ல காகிதமெல்லாம் நிம்மதியா இருக்கு போல" என்றார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஆனாலும் நாலு மணிக் கட்டு போகவில்லை. தினமும் நாலு மணிக்கு அது வந்தது. நான் கத்தவில்லை, மூன்று மாதமாகக் கத்தவில்லை, இருந்தும் அவர்கள் காத்திருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இனிமேல் கத்தமாட்டேன் என்று என் வாயால் சொன்னால் அதை எந்தக் கணக்கில் அவர்கள் நம்புவார்கள்?

ஆடி பதினெட்டு வந்தது. காலை பூஜை இழுத்துக்கொண்டே போய்ப் பதினொன்றரைக்கு முடிந்தது. மதுரை, தூத்துக்குடி, கோயம்புத்தூர் என்று வியாபாரிகள் வந்து ஆபீஸ் நிறைந்துவிட்டது. பன்னிரண்டு மணிச் சோறு அன்றைக்கு யாருக்கும் இல்லை. கேரியர் மூடியபடி மேஜைக்குப் பின்னால் இருந்தது. கலர் பாட்டிலும் லட்டும் கொடுத்துக்கொண்டு, மாதிரிகளைக் கையில் எடுத்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அக்கா வாசலில் வந்து நின்றார். ஒரு நிமிஷம் வெளியே வாங்க என்று கையைக் காட்டினார். போனேன். கையில் ஒரு மாதிரிக் காலண்டர் வைத்திருந்தார். மாசி எட்டாம் தேதியைத் தேடச் சொன்னார். ஏழு இருந்தது. அடுத்த தாள் ஒன்பது.

"தாளு அடுக்குற வரிசையில ஒரு கட்ட விட்டுப்புட்டோம். மாதிரி முந்நூறுலயும் மாசி எட்டு இல்ல. என் தப்பு அண்ணாச்சி."

வயிற்றிலிருந்து சூடு கிளம்பிக் காது மடல் வரை வந்தது. கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. பதினொரு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை அந்தக் காலண்டரை எப்போது தூக்கியது என்று எனக்கே தெரியாது. தோள் உயரத்துக்குப் போயிருந்தது.

அப்போது ஒன்று மனதில் பட்டது. கையை இறக்கினேன்.

"இத எப்பப் பாத்தீக?"

"இப்பத்தான். அஞ்சு நிமிசம் இருக்கும்."

பக்கத்தில் இருந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிஷம். மணி பன்னிரண்டே முக்கால் ஆகப்போகிறது, நான் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும், மூடிய கேரியரைப் பார்த்துவிட்டுத்தான், நாலு மணிக்குக் காத்திராமல் வந்திருக்கிறார்.

"அப்ப பக்கத்துத் தெருவுக்குப் போகலையா?" என்று கேட்டேன். குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

"போறவளா இருந்தா இத எதுக்கு உங்ககிட்ட வந்து சொல்லுதேன்? பேசாம கையக் கழுவிட்டு வண்டி ஏறியிருப்பேன்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லலாம், ஆனால் நாங்கள் நின்றது நிழலில். உள்ளே போய் வியாபாரிகளிடம் உள்ளதைச் சொன்னேன், ஒரு நாள் குறைகிறது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அதற்குள் சேர்த்துத் தருகிறோம் என்று. மதுரைக்காரர், மாசி எட்டாம் தேதி தனக்கு ஒரு கோர்ட் கேஸ் இருக்கிறது, அந்தத் தாள் இல்லாமலே கொடுங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கேரியரைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே போனேன். பெண்களும் தூக்குவாளியைத் திறந்தார்கள். அக்கா என் பூசணிக் கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு, தன் வாளியிலிருந்து ஒரு கரண்டி கருவாட்டுக் குழம்பை, டாக்டரிடம் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு, என் சோற்றில் ஊற்றினார். அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, தகரப் பட்டையைப் பிரித்து மாசி எட்டைச் சொருகி மறுபடி இறுக்குகிற வேலையில் நானும் உட்கார்ந்தேன்.

நாலு காலண்டர் இறுக்கி முடித்தேன். அப்புறம் வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெண், வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "அண்ணாச்சி, அந்த மூலை ஃபேனு சுத்துது, காத்து வரமாட்டேங்குது" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று பத்து. பார்ப்போம் என்றேன். உடனே இன்னொருத்தி, பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் இல்லை, ஆள் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது என்றாள். அடுத்தவளுக்கு வெள்ளிக்கிழமை லீவு வேண்டும். அடுத்தவளுக்கு உட்காரும் ஸ்டூல் ஆடுகிறது. தண்ணீர்ப் பானையை மாற்ற வேண்டும். வண்டி வருகிற நேரத்தை மாற்ற வேண்டும். கழிவுத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். இரண்டு மணிக்குள் எட்டு சேர்ந்துவிட்டது.

லீவைத் தவிர மற்றதெல்லாம் நாலு மணிக்குக்கூட என்னிடம் வராதவை. ஒவ்வொன்றுக்கும் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். அதில் ஒன்றுகூட அந்த வருஷத்துக் குறை இல்லை.